நூறு சதவிகிதம் பசுமை மின்சாரம்... ஆனால், வீட்டில் விளக்கு இல்லை!

நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் சொல்வதும் மறைப்பதும்

மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 10 கோடிக்கும் அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். அங்கே காங்கோ நதி, கடலைச் சேர்வதற்குச் சற்று முன்பாக இங்கா என்ற இடத்தில் சீறிப் பாய்கிறது. அந்த வேகத்தைப் பயன்படுத்தி மின்சாரம் எடுக்க இரண்டு அணைகள் கட்டப்பட்டன. முதலாவது 1972-ல் வந்தது, அடுத்தது 1982-ல். அங்கிருந்து கிளம்பும் உயரழுத்த மின்கம்பிகள் சுமார் 1,700 கிலோமீட்டர் பயணம் செய்து, தென்கிழக்கில் இருக்கும் தாமிரச் சுரங்கங்களைச் சென்றடைகின்றன. வழியில் எத்தனையோ கிராமங்களின் தலைக்கு மேலேதான் அந்தக் கம்பிகள் போகின்றன. ஆனால், பொழுது சாய்ந்தால் அந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை இருட்டில்தான். அந்த நாட்டில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சார வசதி இருக்கிறது.

அடுத்து, அட்லாண்டிக் கடலின் வடகோடியில் இருக்கும் ஐஸ்லாந்து. மொத்த மக்கள்தொகையே 4 லட்சத்தைத் தொடவில்லை. அருவிகளும் ஆறுகளும் மின்சாரம் தருகின்றன. பூமிக்கு அடியில் கொதிக்கும் வெந்நீரும் மின்சாரம் தருகிறது. அந்த வெந்நீர் குழாய் வழியே வீடுகளுக்கும் போகிறது. பனிக்காலத்தில் பத்தில் ஒன்பது வீடுகள் கதகதப்பாக இருப்பது அதனால்தான்.

இந்த இரண்டு நாடுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 'தன் மின்சாரத்தில் எத்தனை சதவிகிதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து எடுக்கிறது?' என்று கேட்டுப் பட்டியல் போட்டால், இரண்டுமே கிட்டத்தட்ட 100 மதிப்பெண் வாங்கி, உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். ஐஸ்லாந்தில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 50,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இதில் பெரும்பகுதி அலுமினிய ஆலைகளுக்குப் போகிறது. காங்கோவில் அந்தச் சராசரி 200 யூனிட்கூட இல்லை. ஆனால், பட்டியலில் இரண்டும் ஒன்று!

'பசுமை மின்சாரத்தில் முதலிடம்', 'உலகிலேயே மூன்றாவது இடம்' என்று செய்திகள் தினமும் செல்போனுக்கு வருகின்றன. வாட்ஸ்அப்பில் பெருமையாகப் பகிரப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யில்லை. எதை வைத்து அளந்தார்கள் என்பதைத்தான் சொல்வதில்லை. அளவுகோல் மாறினால், முதலிடத்தில் இருக்கும் நாடும் மாறிவிடும்.

சீட் எத்தனை, பயணி எத்தனை பேர்?

முதல் குழப்பம் மெகாவாட்டில் தொடங்குகிறது. ஒரு மின் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தரும் என்பது 'நிறுவுதிறன்'. அது உண்மையில் எவ்வளவு தந்தது என்பது 'உற்பத்தி'. பஸ்ஸில் 50 சீட் இருப்பது நிறுவுதிறன் என்றால், எத்தனை பேர் ஏறிப் பயணம் செய்தார்கள் என்பதுதான் உற்பத்தி.

வீட்டு மாடியில் 1 கிலோவாட் சோலார் பேனல் வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 1,460 யூனிட். அதே 1 கிலோவாட், 24 மணி நேரமும் 365 நாளும் ஓடினால் 8,760 யூனிட் தந்திருக்க வேண்டும். அப்படியானால், கிடைப்பது ஆறில் ஒரு பங்குதான். இரவும் மேகமும் மழைக்காலமும் இருப்பதால் இது இயல்பு. அதே பேனலை ஜெர்மனியில் வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட்தான் கிடைக்கும். பட்டியலில் இரண்டுமே '1 கிலோவாட்'தான்.

அணைகளிலும் இதே கதைதான். சீனாவின் 'மூன்று பள்ளத்தாக்கு' அணையின் நிறுவுதிறன் 22,500 மெகாவாட். உலகிலேயே அதுதான் பெரியது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா நதியில் கட்டிய இடாய்ப்பு அணை 14,000 மெகாவாட்தான். ஆனால் 2016-ம் ஆண்டில் இடாய்ப்பு 10,310 கோடி யூனிட் உற்பத்தி செய்து, சீன அணையை முந்திவிட்டது. அந்த ஆண்டு சீன அணை தந்தது சுமார் 9,350 கோடி யூனிட். பரானா நதியில் ஆண்டு முழுக்க ஓரளவு சீராகத் தண்ணீர் வருகிறது. யாங்சி நதியிலோ மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் குறைவு.

இந்தியாவின் கணக்கும் இங்கேதான் புரியும். நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதியை, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகள் எட்டிவிட்டதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. 2030-க்குள் எட்டுவதாக உலகுக்குக் கொடுத்த வாக்கு, ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நிறைவேறியது. பெரிய சாதனைதான். ஆனால், 2024-ல் இந்தியர்கள் பயன்படுத்திய மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. சீட்டில் பாதி பசுமை, பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நிலக்கரி! இரண்டு தகவலுமே உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால்தான் படம் பாதியாகிறது.

மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு

'ஜெர்மனி பாதிக்கு மேல் பசுமைக்கு மாறிவிட்டது' என்பார்கள். 2000-ம் ஆண்டில் அந்த நாட்டின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 6 சதவிகிதம்தான். இப்போது பாதியைத் தாண்டிவிட்டது. ஆனால் இது மின்சாரத்துக்கான கணக்கு மட்டும். காருக்குப் பெட்ரோல், வீட்டைச் சூடாக்க எரிவாயு, தொழிற்சாலைக் கொதிகலனுக்கு எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்தால், ஜெர்மனியின் பங்கு ஐந்தில் ஒன்றைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

உலகம் முழுக்க மக்கள் கடைசியாகப் பயன்படுத்தும் எரிசக்தியில், மின்சாரத்தின் பங்கே சுமார் ஐந்தில் ஒன்றுதான். மீதியை எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, விறகு எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. 100 மதிப்பெண் வாங்கிய ஐஸ்லாந்திலும் மீன்பிடிக் கப்பல்கள் எண்ணெயில்தான் ஓடுகின்றன. நார்வேயில் கிட்டத்தட்ட முழு மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கது, பெரும்பாலும் நீர்மின்சாரம். 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் 100-க்கு 89 பேட்டரி கார்கள். ஆனால், அதே நார்வே கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து மற்ற நாடுகளுக்கு விற்கிறது. அந்த எண்ணெயின் புகை, அதை வாங்கி எரிக்கும் நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. அனல் மின் நிலையத்தில் 100 பங்கு வெப்பத்துக்கு நிலக்கரி எரித்தால், சுமார் 35 முதல் 40 பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. சில கணக்குகள், அந்த வீணான வெப்பத்தையும் சேர்த்து 'நாட்டின் எரிசக்தி' என்று எழுதிவிடும். காற்றாலையில் அப்படி எரித்து வீணாக்க எதுவும் இல்லை, வந்த மின்சாரம் மட்டுமே கணக்கு. அதனால் ஒரே அளவு மின்சாரம் தந்தாலும், காற்றாலையின் பங்கு சின்னதாகவும் நிலக்கரியின் பங்கு பெரிதாகவும் தெரியும். வீணடிப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண்!

எதெல்லாம் பசுமை?

இந்தியாவில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் நிலையங்கள், 2019 வரை 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' கணக்கில் இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம், அவற்றையும் சேர்த்துக்கொள்ள மத்திய அரசு முடிவெடுத்தது. புதிதாக ஓர் அணைகூடக் கட்டாமல், சுமார் 45,000 மெகாவாட் ஒரே நாளில் புதுப்பிக்கத்தக்கதாக மாறியது. பல நாடுகள் ஏற்கெனவே அப்படித்தான் கணக்கிட்டு வந்தன என்பதால், இதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், 2018-ஐயும் 2020-ஐயும் ஒப்பிடுபவர் இந்த மாற்றம் தெரியாமல் கூட்டிக் கழித்தால் ஏமாந்துபோவார்.

பிரான்ஸ் இன்னொரு சிக்கல். அங்கே மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் அணு உலைகளிலிருந்து வருகிறது. யுரேனியம் தோண்டி எடுப்பது என்பதால், அணுசக்தி புதுப்பிக்கத்தக்கது இல்லை. ஆக, அந்தப் பட்டியலில் ஜெர்மனி பிரான்ஸைவிட வெகு முன்னால் நிற்கும். ஆனால், 'ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு?' என்று கேட்டால், பிரான்ஸின் அளவு ஜெர்மனியைவிடப் பல மடங்கு குறைவு. முன்னால் இருந்தவர் பின்னால் போய்விடுகிறார்.

பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ல் மூடியது. அதே நாட்டில், ஒரு காலத்தில் நிலக்கரி எரித்த டிராக்ஸ் மின் நிலையம், இப்போது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் மரத்துண்டுகளை எரிக்கிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளரும் என்பதால் இது புதுப்பிக்கத்தக்கது என்கிறது கணக்கு. 'எரிப்பது இன்று, வளர்வது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு' என்கிறார்கள் விமர்சகர்கள்.

மரம் எரிப்பது மின் நிலையத்தில் மட்டுமா? உலகில் 200 கோடிக்கும் அதிகமானவர்கள் இன்னும் விறகு, கரி, வறட்டி போன்றவற்றை எரித்துத்தான் சமைக்கிறார்கள். மொத்த எரிசக்திக் கணக்கில் விறகும் 'புதுப்பிக்கத்தக்கது'தான். அதனால்தான், ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பல, அந்தப் பட்டியலில் பணக்கார நாடுகளை முந்தி நிற்கின்றன. ஒரு குடும்பம் விறகடுப்பை விட்டு கேஸ் அடுப்புக்கு மாறினால், அந்தத் தாயின் கண்ணெரிச்சல் தீரும், நுரையீரல் தப்பும். ஆனால், கேஸ் பெட்ரோலியத்திலிருந்து வருவது. எனவே, நாட்டின் 'பசுமைப் பங்கு' குறைந்துவிடும்! வீட்டுக்கு முன்னேற்றம், பட்டியலுக்குப் பின்னடைவு. இந்த அபத்தத்தைத் தவிர்க்கத்தான், விறகைத் தனியே பிரித்து 'நவீன புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று கணக்கிடும் முறையும் வந்தது.

டென்மார்க்கும் தமிழ்நாடும்

காற்றாலை என்றாலே உலகம் டென்மார்க்கைத்தான் கைகாட்டும். 1991-லேயே கடலுக்குள் காற்றாலைப் பண்ணை அமைத்த நாடு. இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

ஆனால், டென்மார்க்கின் மொத்தக் காற்றாலை நிறுவுதிறன் 8,000 மெகாவாட்டுக்கும் கீழே. முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் என்று காற்றாலைகள் சுழலும் தமிழ்நாட்டின் நிறுவுதிறனோ 10,000 மெகாவாட்டுக்கு மேல்! நிறுவுதிறனை வைத்துப் பார்த்தால், தமிழ்நாடு டென்மார்க்கை முந்திவிட்டது. பிறகு ஏன் இங்கே பாதி மின்சாரம் காற்றிலிருந்து வரவில்லை?

டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். தமிழ்நாட்டில் 7 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டின் மின் தேவை, டென்மார்க்கின் தேவையைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். அங்கே கடற்காற்று ஆண்டின் பல மாதங்கள் வீசுகிறது. இங்கே ஆடிக்காற்றை ஒட்டிய மே முதல் செப்டம்பர் வரைதான் அறுவடைக் காலம். முப்பந்தல் பகுதியில் தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாலைகள் பல, நல்ல காற்று வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன. காற்று அதிகமானால் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனிக்கு விற்கவும், குறைந்தால் அங்கிருந்து வாங்கவும் டென்மார்க்குக்கு வழி இருக்கிறது. ஆக, ஒரே ஓர் எண்ணை வைத்து 'அவர்கள் கெட்டிக்காரர்கள், நாம் சோம்பேறிகள்' என்றோ, 'நாம்தான் பெரியவர்கள்' என்றோ சொல்லிவிட முடியாது.

சீனாவுக்கும் இந்தப் பார்வை வேண்டும். 2024 என்ற ஒரே ஆண்டில் சீனா புதிதாகச் சேர்த்த சூரிய மின் நிறுவுதிறன் சுமார் 2,77,000 மெகாவாட். அமெரிக்கா இத்தனை ஆண்டுகளில் சேர்த்த மொத்தத்தையும்விட இது அதிகம். அதே ஆண்டில் சீனாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரிதான். வளர்ச்சி வேகத்தை அளந்தால் சீனா முதலிடம். சதவிகிதத்தில் அளந்தால் நடுவில் எங்கோ இருக்கும்.

ஒரு நல்ல நாள் போதுமா?

2023 அக்டோபர் 31 முதல் நவம்பர் 6 வரை, தொடர்ந்து 149 மணி நேரம், போர்ச்சுக்கல் நாட்டின் தேவையைவிட அதிகமாகவே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியானது. நல்ல காற்று, நல்ல மழை. தலைப்புச் செய்தியான அந்த வாரத்தை வைத்து ஆண்டு முழுவதையும் எடைபோட முடியுமா?

ஸ்காட்லாந்தில் 2022-ல், மொத்த மின் நுகர்வில் 113 சதவிகிதத்துக்கு இணையாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியானது. 100-க்கு மேல் எப்படி? உற்பத்தியை உள்ளூர் நுகர்வால் வகுப்பதால்தான். காற்று வீசும்போது மிஞ்சியதை விற்றார்கள். காற்று இல்லாதபோது எரிவாயு, அணு மின் நிலையங்களும் ஓடின. ஆண்டுக் கணக்கில் உபரி இருந்தாலும், இன்றிரவு 8 மணிக்கு விளக்கு எரியும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இதை ஜாம்பியா மக்களைவிட யாரும் கசப்பாக உணர்ந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்டின் மின்சாரத்தில் 80 சதிவிகிதத்துக்கும் மேல் நீர்மின்சாரம். 2024-ல் கடும் வறட்சி வந்தது. கரிபா நீர்த்தேக்கம் வற்றியது. நாளின் பெரும்பகுதி மின்வெட்டு. முடிதிருத்தும் கடை முதல் வெல்டிங் பட்டறை வரை பிழைப்பு நின்றது. பட்டியலில் மட்டும் ஜாம்பியா எப்போதும்போல 'பசுமை நாடு'தான்.

கணக்கில் வராத கூரைகள்

அரசுக் கணக்கு ஒரு பக்கம் இருக்க, மக்களே தனியாக ஒரு கணக்கு எழுதிய கதையும் உண்டு. பாகிஸ்தானில் மின்கட்டணம் தாறுமாறாக ஏறியது, மின்வெட்டும் குறையவில்லை. சீன சோலார் பேனல்களின் விலையோ சரிந்துகொண்டிருந்தது. வீடு, கடை, ஆலை, வயல்வெளி என்று எல்லா இடத்திலும் மக்களே பேனல்களை வாங்கி மாட்டினார்கள். 2024-ல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குப் பேனல்கள் இறக்குமதியாயின. நாட்டின் மொத்த மின் நிலையங்களின் நிறுவுதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு இது சமம்.

இவற்றில் பெரும்பாலானவை எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சுங்கத்துறையின் இறக்குமதி விவரத்தையும், செயற்கைக்கோள் படங்களில் மின்னும் கூரைகளையும் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போட வேண்டியிருந்தது. பகலில் மின்வாரியத்தின் விற்பனை குறைவதுதான், அந்தப் புரட்சி நடக்கிறது என்பதற்கான அடையாளம். இதிலும் ஒரு வேதனை இருக்கிறது. பேனல் வாங்க வசதியுள்ளவர்கள் விலகிப் போகப் போக, மின்வாரியத்தின் செலவுச் சுமை வசதியில்லாதவர்களின் பில்லில் ஏறுகிறது.

யாருக்கு என்ன நஷ்டம்?

இதெல்லாம் நிபுணர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த எண்ணை அளக்கிறார்களோ, அதை நோக்கித்தான் பணமும் திட்டமும் ஓடும்.

2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், உலகின் புதுப்பிக்கத்தக்க நிறுவுதிறனை 2030-க்குள் மூன்று மடங்காக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. இலக்கு, சுமார் 110 லட்சம் மெகாவாட். அபுதாபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி, 2024 முடிவில் உலகம் எட்டியது 44.48 லட்சம் மெகாவாட். அந்த ஓராண்டில் மட்டும் 5.85 லட்சம் மெகாவாட் சேர்ந்தது. அதுவரை இல்லாத சாதனை.

ஆனால், அந்தப் புதிய சேர்க்கையில் பாதிக்கும் மேல் சீனா. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் கிடைத்தது 1 சதவிகிதத்துக்கும் கீழே. உலக மொத்தத்தை மட்டும் அளந்தால், எல்லா மெகாவாட்டையும் ஒரே நாட்டில் நட்டுவிட்டும் இலக்கை எட்டிவிடலாம். இருட்டில் இருக்கும் வீடு அந்தக் கணக்கில் எங்குமே வராது.

அடுத்த முறை 'பசுமை மின்சாரத்தில் முதலிடம்' என்ற செய்தி செல்போனில் வந்தால், பகிர்வதற்கு முன் ஐந்து கேள்விகள் போதும்.

- சொல்வது நிறுவுதிறனா, உண்மையான உற்பத்தியா?
- மின்சாரம் மட்டுமா, மொத்த எரிசக்தியுமா?
- அணை, அணு, விறகு இவற்றில் எதெல்லாம் சேர்த்தி?
- மொத்த அளவா, பங்கா, தலைக்கு எவ்வளவு என்பதா?
- ஒரு நாளா, ஒரு வாரமா, முழு ஆண்டா?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் பட்டியல், எந்த நாடு முன்னால் இருந்தாலும் நம்பத்தக்கது. ஆனால், எந்தப் பட்டியலிலும் பார்க்க வேண்டிய ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போகிறது?

இங்காவிலிருந்து கிளம்பும் கம்பிகளில் இன்றும் தூய்மையான மின்சாரம்தான் ஓடுகிறது. அந்த இடத்தில் 40,000 மெகாவாட் வரை எடுக்க முடியும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அது நடந்தாலும் காங்கோவின் பசுமை மதிப்பெண் மாறப்போவதில்லை, ஏற்கெனவே கிட்டத்தட்ட 100 வாங்கியாயிற்று. மாற வேண்டியது, அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் கிராமங்களில் எரியும் விளக்குகளின் எண்ணிக்கைதான்.